விட்டுட்டுப் போயிடுவாங்களோ? மர்லின் மன்றோவைத் துரத்திய பயம்!

காற்றில் பறக்கும் வெள்ளை கவுன், சிவப்பு லிப்ஸ்டிக், பளீர் சிரிப்பு... மர்லின் மன்றோன்னா உங்களுக்கு இதுதானே ஞாபகம் வரும்? அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி இருந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போமா?

1926, ஜூன் 1-ம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்தார் நார்மா ஜீன். அதுதான் மர்லினின் நிஜப்பெயர். அப்பா கூட இல்லை. பிறந்த சில வாரங்களிலேயே இன்னொரு குடும்பத்திடம் விடப்பட்டார். ஏழு வயதில் அம்மா அழைத்துக்கொண்டார். சில மாதங்களிலேயே மனநலம் பாதிக்கப்பட்டு அந்த அம்மாவும் மருத்துவமனைக்குப் போய்விட்டார். 9 வயதில் அநாதை இல்லம். 16 வயதில் கல்யாணம். ஏன் தெரியுமா? பார்த்துக்கொண்ட குடும்பம் வேறு மாநிலத்துக்குக் கிளம்பியது. கல்யாணம் இல்லையென்றால் மறுபடியும் இல்லம்தான்!

1953-ல் உச்ச நட்சத்திரம். ஆனாலும் ஷூட்டிங்குக்குத் தாமதம், வசனம் மறப்பது, தூக்கமில்லாத இரவுகள். பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவுடனான திருமணம் ஒன்பதே மாதங்களில் உடைந்தது. எழுத்தாளர் ஆர்தர் மில்லருடனான வாழ்க்கையும் ஐந்து வருஷத்தைத் தாண்டலை. 1961-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பூட்டிய அறையில் தனியே வைக்கப்பட்டார். தனிமையைக் கண்டாலே நடுங்கியவருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? முன்னாள் கணவர் ஜோதான் வந்து மீட்டார். மறுவருஷம் ஆகஸ்ட்டில், 36 வயதில், மர்லின் இறந்துபோனார்.

இறந்தவருக்கு டயக்னோசிஸ் எழுத முடியாதுதான். ஆனா, அவர் வாழ்க்கையில் 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்' சாயல் இருப்பதாகச் சிலர் பின்னாளில் எழுதினார்கள். பைபோலாரில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். இதில் சில மணி நேரத்திலேயே தலைகீழாகும். மெசேஜுக்கு பதில் வரலைன்னாகூட, 'அவ்ளோதான், என்னை விட்டுட்டாங்க'ன்னு மனசு சரிந்துவிடும். பதில் வந்ததும் வானத்தில் பறக்கும். பார்க்கிறவங்களுக்கு அது 'டிராமா'. அனுபவிக்கிறவங்களுக்கு நிஜ வலி.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தப் பிரச்னை இடம்பிடித்தது 1980-ல். உணர்வுகளைக் கையாளக் கற்றுத்தரும் 'டிபிடி' சிகிச்சையை மார்ஷா லினெஹன் உருவாக்கியதும் மர்லின் காலத்துக்குப் பிறகுதான். இன்றைக்கு சிகிச்சையால் பலர் தேறி, இயல்பா வாழ்றாங்க.

உங்க நட்பு வட்டத்துல இப்படி யாராவது இருந்தா, 'ஓவரா பண்றே'ன்னு சொல்லாதீங்க. இப்ப பேச முடியலைன்னா, எப்போ பேசுவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. அது உங்களுக்கே நடக்குதா? 14416-க்குக் கூப்பிடுங்க. அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் அது. 24 மணி நேரமும் பேசலாம். மர்லினுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கும்.