துணைக்கு வந்தவர் தலைவர் ஆனார்!
சைக்கிள் வீரர் கோப்பியின் வாழ்க்கைக் கதை

ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் புலரவில்லை. சென்னையிலிருந்து சிறுசேரி வழியாகக் கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம் என்று நீளும் சாலையில் சைக்கிள் கூட்டங்கள் பறக்கின்றன. தலையில் கவசம், சைக்கிளில் சின்ன விளக்கு. ஒருவர் பின்னால் ஒருவராக, சக்கரத்தை ஒட்டிச் சக்கரம் போகிறது.

ஏன் இப்படி ஒட்டிப் போகிறார்கள்? காற்றுக்காகத்தான். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தம் மார்பில் தாங்குகிறார். பின்னால் வருகிறவருக்குக் காற்றின் தொல்லை குறைகிறது. அதனால் அவருக்குக் களைப்பும் குறைகிறது. சிறிது தூரம் போனதும் முன்னவர் ஒதுங்கிப் பின்னால் வருவார். அடுத்தவர் முன்னால் போவார். இப்படி மாறி மாறி உழைத்தால் எல்லோரும் வேகமாகப் போகலாம்.

ஆனால் கடைசிச் சில கிலோ மீட்டர் வந்ததும் கதை மாறுகிறது! அதுவரை காற்றைத் தாங்கிய தோழனையே முந்திவிடத் துடிக்கிறார்கள். யார் முதல் என்று போட்டி வந்துவிடுகிறது.

தோழன் எப்போது தோழன்? எப்போது போட்டியாளன்? இந்தக் கேள்வியிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு வீரர் இருந்தார். அவர் பெயர் பாஸ்டோ கோப்பி. இத்தாலி நாட்டுக்காரர். சைக்கிள் பந்தய உலகில் மன்னராக விளங்கியவர்.

இறைச்சிக் கடைப் பையன்

வட இத்தாலியில் கஸ்தெல்லானியா என்று ஒரு சிற்றூர். குன்றின் மேல் இருக்கிறது. அங்கே ஓர் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் 1919-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி கோப்பி பிறந்தார். உடன்பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் ஐந்து குழந்தைகள்.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. வீட்டில் துருப்பிடித்த பழைய சைக்கிள் ஒன்று கிடந்தது. அதை ஓட்டுவதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான். பள்ளியில் தண்டனையும் கிடைத்தது.

13 வயதில் படிப்பு நின்றது. பக்கத்து ஊரான நோவி லிகுரேயில் ஓர் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வீடு வீடாகச் சைக்கிளில் இறைச்சி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மேடும் பள்ளமுமான பாதை. கால்கள் உரம் பெற்றன. கப்பலில் வேலை பார்த்த தந்தையின் உடன்பிறந்தவர் பணம் கொடுத்தார். நல்ல சைக்கிள் ஒன்று வந்தது.

கண் தெரியாத குரு

அதே ஊரில் பியாஜோ கவன்னா என்று ஒருவர் இருந்தார். வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது அவர் தொழில். இரண்டு கண்களும் பார்வை இழந்தவை. ஆனால் விரல்களுக்குக் கண் இருந்தது! ஒருவன் காலைத் தொட்டுப் பார்த்தே அவன் தேறுவானா, மாட்டானா என்று சொல்லிவிடுவார்.

கோப்பி பார்ப்பதற்கு வீரரைப் போல் இருக்க மாட்டார். ஒல்லி உடம்பு. நீண்ட கால்கள். கவன்னா தொட்டுப் பார்த்தார். இவன் சாதாரணப் பையன் அல்ல என்று கண்டுகொண்டார். தம்மிடம் இருந்த வாலிபர்களோடு சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். கூட்டமாக ஓட்ட வேண்டும், கட்டுப்பாடாக வாழ வேண்டும் என்பது அவர் சட்டம்.

எஜமானரை வென்ற வேலைக்காரர்

சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் உண்டு. மற்றவர்கள் அவருக்குத் துணை. தலைவருக்காகக் காற்றைத் தாங்க வேண்டும். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவருடைய டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்க வேண்டும். வெற்றி தலைவருக்கு!

1940-ம் ஆண்டு இத்தாலியைச் சுற்றிவரும் பெரிய பந்தயத்தில் கோப்பி இப்படித் துணை ஆளாகத்தான் சேர்ந்தார். தலைவர் ஜீனோ பார்த்தாலி. கோப்பியைவிட ஐந்து வயது மூத்தவர். அந்தப் பந்தயத்தில் அதற்கு முன் இரண்டு முறை வென்றவர். 1938-ல் பிரெஞ்சு நாட்டைச் சுற்றும் பந்தயத்திலும் வென்றவர். நாடே அவரைக் கொண்டாடியது.

பந்தயம் தொடங்கிய இரண்டாம் நாள் குறுக்கே வந்த நாய் மீது மோதிப் பார்த்தாலி விழுந்தார். அடி பலம். பின்தங்கிவிட்டார். கொட்டும் மழையில் ஒரு மலைப் பாதையில் கோப்பி தனியாகப் பாய்ந்து போய் முதலிடத்தைப் பிடித்தார்.

தலைவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் பார்த்தாலி பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். பனி மூடிய மலைகளில் கோப்பி வயிற்றுக் கோளாறால் துவண்டு, பந்தயத்தை விட்டுவிடலாம் என்று எண்ணிய சமயம், பார்த்தாலிதான் ஏசினார், பனிக்கட்டியை அள்ளி அவர் மேல் போட்டார், மறுபடியும் சைக்கிளில் ஏற வைத்தார்!

ஜூன் 9-ந் தேதி பந்தயம் முடிந்தது. 20 வயதுக் கோப்பி வென்றார். மறுநாளே இத்தாலி உலகப் போரில் குதித்தது.

போர்க் கைதி

1942 நவம்பர் 7-ந் தேதி மிலான் நகரப் பந்தயத் தளத்தில் கோப்பி ஒரு மணி நேரத்தில் 45.798 கிலோ மீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். அந்தச் சாதனையை 1956 வரை யாரும் முறியடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் போர்முனைக்குப் போக வேண்டியதாயிற்று. 1943-ல் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். நல்ல வாலிப வயதில் இரண்டு ஆண்டுகள் கைதி வாழ்க்கையில் கழிந்தன.

பார்த்தாலி அந்தக் காலத்தில் என்ன செய்தார்? பயிற்சிக்குப் போகிறவர் போல் சைக்கிளில் போய், யூதர்களைக் காப்பாற்றுவதற்கான பத்திரங்களைச் சைக்கிளுக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொள்ளவில்லை. அவர் இறந்த பிறகு, 2013-ல் இஸ்ரேல் நாடு அவருக்குப் பெருமை செய்தது.

இரண்டாகப் பிரிந்த நாடு

போர் முடிந்தது. கோப்பி வேறு குழுவில் சேர்ந்து தாமே தலைவர் ஆனார். 1946-ல் மிலானிலிருந்து சான் ரெமோ வரை நடந்த பந்தயத்தில் எல்லோரையும் வெகு தூரம் விட்டுவிட்டுத் தனியாக வந்தார். இரண்டாவது ஆள் வந்து சேர 14 நிமிடம் ஆயிற்று! அதுவரை வானொலியில் பாட்டு வைத்தார்களாம்.

இத்தாலி மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கோப்பி கட்சி, பார்த்தாலி கட்சி. காப்பிக் கடைகளில் சண்டை நடக்கும். ஒரே வீட்டில் தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்!

இந்தப் பகைக்கு விலை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. 1948-ல் ஹாலந்து நாட்டில் உலகப் போட்டி நடந்தது. இருவரும் இத்தாலிக்காக ஒரே குழுவில் ஓட்டினார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பதே வேலையாக இருந்தது. தான் பாய்ந்தால் மற்றவன் தன் நிழலில் வந்து வென்றுவிடுவானே என்ற பயம்! முன்னே போனவர்கள் போய்விட்டார்கள். கடைசியில் இருவரும் பந்தயத்தை முடிக்காமலே இறங்கிவிட்டார்கள். நாட்டுக்கு அவமானம். சைக்கிள் சங்கம் இருவரையும் பந்தயங்களிலிருந்து தள்ளிவைத்தது.

பிறந்த நாள் பரிசு

அடுத்த ஆண்டு 1949. பிரெஞ்சு நாட்டைச் சுற்றும் பந்தயத்துக்கு இருவரையும் ஒரே குழுவில் அனுப்ப வேண்டும். குழுவின் மேலாளர் பிந்தா பழைய வீரர். இருவரிடமும் பேசி ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இத்தாலியப் பந்தயத்தில் கோப்பி ஓர் அற்புதம் செய்திருந்தார். ஒரே நாளில் ஐந்து மலைக் கணவாய்களைத் தாண்டும் பாதை அது. 192 கிலோ மீட்டர் அவர் தன்னந்தனியாகப் போனார்! சென்னையிலிருந்து ஏறத்தாழ உளுந்தூர்ப்பேட்டை வரை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதாக வந்தவர் பார்த்தாலி. அவரும் ஏறக்குறைய 12 நிமிடம் பின்னால்தான்.

பிரெஞ்சுப் பந்தயத்திலோ தொடக்கத்திலேயே கோப்பி விழுந்தார். சைக்கிள் நொறுங்கியது. கிடைத்த மாற்றுச் சைக்கிள் அவருக்குப் பொருந்தவில்லை. மேலாளர் பார்த்தாலி பக்கம் என்ற சந்தேகமும் சேர்ந்தது. ஊருக்குத் திரும்பிவிடப் பார்த்தார். பிந்தா சமாதானம் செய்து ஓட்ட வைத்தார். அப்போது முதல் ஆளைவிட அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

ஆல்ப்ஸ் மலை வந்தது. தோழர்கள் இருவரும் சேர்ந்து ஏறினார்கள். மாறி மாறிக் காற்றைத் தாங்கினார்கள். மற்றவர்கள் மறைந்தே போனார்கள். அன்று ஜூலை 18. பார்த்தாலியின் 35-வது பிறந்த நாள்! முடிவுக் கோட்டில் கோப்பி விட்டுக்கொடுத்தார். பார்த்தாலி முதலில் போனார். முதல்வருக்குரிய மஞ்சள் சட்டையும் அவருக்கே கிடைத்தது.

மறு கட்டத்தில் பார்த்தாலியின் டயர் பஞ்சர். கோப்பி நின்றார். பிறகு பார்த்தாலி விழுந்தும்விட்டார். காத்திருப்பதா, போவதா? மேலாளர் போகச் சொன்னார். கோப்பி போனார். மஞ்சள் சட்டை கைமாறியது. பந்தயத்தின் முடிவில் கோப்பி முதல், பார்த்தாலி இரண்டாவது. ஒரே ஆண்டில் இத்தாலிப் பந்தயம், பிரெஞ்சுப் பந்தயம் இரண்டையும் வென்ற முதல் வீரர் கோப்பிதான்.

முந்திய ஆண்டு ஒருவரை ஒருவர் தடுத்தார்கள், இருவரும் தோற்றார்கள். இந்த ஆண்டு சேர்ந்து உழைத்தார்கள். முதல் இரண்டு இடமும் அவர்களுக்கே!

மஞ்சள் சட்டையும் கண்ணீரும்

1952 பிரெஞ்சுப் பந்தயத்தில் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. நமது தொட்டபெட்டா அளவு உயரமான மலைப் பாதையில் கோப்பியும் பார்த்தாலியும் தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றுகிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தார்? இத்தாலி மக்கள் பல ஆண்டுகள் இதைப் பற்றி விவாதித்தார்கள்!

அதே பந்தயத்தில் இன்னொரு நிகழ்ச்சி. கோப்பியின் துணை வீரர் கரேயா. கவன்னாவிடம் பயின்றவர். நாஜிகளின் சிறை முகாமில் அடைபட்டு உயிர் தப்பியவர். ஒரு நாள் முன்னே ஓடியவர்களைக் கண்காணிக்க அவர்களோடு போனார். முடிவில் எதிர்பாராமல் மஞ்சள் சட்டை அவருக்கே வந்துவிட்டது. கரேயா மகிழவில்லை. தலைவரின் உடைமையைத் திருடிவிட்டது போல் அழுதார். பின்னால் வந்த கோப்பி அவரை மனமாரப் பாராட்டினார்! மறுநாள் மலை உச்சியில் கோப்பி வென்று அந்தச் சட்டையை அணிந்தார். பந்தயமும் அவருக்கே.

மொத்தத்தில் இத்தாலிப் பந்தயத்தில் ஐந்து முறையும், பிரெஞ்சுப் பந்தயத்தில் இரண்டு முறையும் அவர் வென்றார். 1953-ல் உலகச் சாம்பியனும் ஆனார்.

தம்பியின் மரணம்

புகழ் வந்தது, துயரமும் வந்தது. கோப்பியின் தம்பி செர்சே. அவரும் சைக்கிள் வீரர். 1951 ஜூன் மாதம் தூரின் நகரில் நடந்த பந்தயத்தில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தார். எழுந்து பந்தயத்தை முடித்தார். விடுதிக்குப் போனதும் தலைவலி. மூளையில் இரத்தக் கசிவு. அன்றே இறந்துபோனார். கோப்பி இடிந்துபோனார்.

அந்தத் துயரம் பார்த்தாலிக்குத் தெரியும். அவருடைய தம்பி ஜூலியோவும் 1936-ல் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில்தான் இறந்தார். பகைவர்கள் இருவருக்கும் ஒரே காயம்!

பிறகு குடும்ப வாழ்க்கையிலும் புயல் வீசியது. மனைவியைப் பிரிந்து வேறொரு பெண்ணுடன் வாழ்ந்ததால் வழக்கு, ஊர்ப் பழி எல்லாம் வந்தன. மணவிலக்குச் சட்டம் அப்போது இத்தாலியில் கிடையாது. வயது ஏற ஏற வெற்றிகளும் குறைந்தன. ஆனாலும் கோப்பி சைக்கிளை விடவில்லை.

ஒரு கொசுவின் வேலை

1959 டிசம்பரில் ஆப்பிரிக்காவில், இன்று புர்கினா பாசோ எனப்படும் நாட்டுக்கு ஒரு பந்தயத்துக்காகக் கோப்பி போனார். பிரெஞ்சு வீரர் ஜெமினியானியும் கூட வந்தார். இருவரும் ஒரே அறையில் தங்கினார்கள். கொசுக்கடி தாங்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் இருவருக்கும் காய்ச்சல். பிரெஞ்சு மருத்துவர்கள் ஜெமினியானியின் இரத்தத்தைச் சோதித்தார்கள். மலேரியா என்று கண்டார்கள். கொய்னா மருந்து கொடுத்தார்கள். நினைவு தப்பிக் கிடந்தவர் பிழைத்துக்கொண்டார். கோப்பியைக் கவனித்த மருத்துவர்களோ வேறு நோய் என்று நினைத்தார்கள். 1960 ஜனவரி 2-ந் தேதி கோப்பி இறந்தார். வயது 40!

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை நம் நாட்டில் செகந்திராபாதில் 1897-லேயே ரொனால்டு ராஸ் கண்டுபிடித்திருந்தார். மருந்தும் இருந்தது. நோய் இன்னதென்று கண்டுகொள்ளாததால் ஓர் உயிர் போயிற்று. வெளியூர் போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், எங்கே போனார் என்பதை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

கோப்பி பிறந்த ஊருக்கு 2019-ல் அவர் பெயரையும் சேர்த்துக் கஸ்தெல்லானியா கோப்பி என்று பெயர் வைத்தார்கள். இத்தாலிப் பந்தயத்தில் ஒவ்வோர் ஆண்டும் மிக உயர்ந்த கணவாயைக் கோப்பி சிகரம் என்கிறார்கள்.

இறப்பதற்கு முன் அவர் ஒரு புதிய குழுவில் சேர்ந்திருந்தார். 1960-ல் அதற்காக ஓட்டுவதாக ஏற்பாடு. அந்தக் குழுவை நடத்தப் போகிறவர் யார் தெரியுமா? பார்த்தாலிதான்! இருபது ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் துணையாக வந்த கோப்பி, மறுபடியும் அவரிடமே வந்து சேர்ந்திருந்தார். ஆனால் அந்தக் குழுவில் சைக்கிள் ஓட்டக் கோப்பிக்குக் கொடுத்துவைக்கவில்லை.