சங்கர்லாலை உலகம் சுற்ற வைத்த தமிழ்வாணன்

தலையில் தொப்பி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இந்த இரண்டையும் நாலு கோட்டில் வரைந்து காட்டினால் போதும், அது தமிழ்வாணன் என்று ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பையனும் சொல்லிவிடுவான். பெயரும் தெருவும் எழுதாமல் அந்தப் படத்தை மட்டும் வரைந்து போட்ட தபால்கூட அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று இன்றும் சொல்வார்கள்.

இயற்பெயர் இராமநாதன். 1926-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி தேவகோட்டையில் பிறந்தார். தேவகோட்டை செட்டிநாட்டு ஊர். ரங்கூனும் சைகோனும் பினாங்கும் அங்கே திண்ணைப் பேச்சில் அடிபடும் ஊர்ப் பெயர்கள். பெரிய வீடுகளின் தூண்கள் பர்மா தேக்கு. அந்தச் செல்வத்துக்கு 1942-ல் அடி விழுந்தது. ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்ததும், கொடுத்த கடனையும் வாங்கிய நிலத்தையும் போட்டுவிட்டு ஆயிரக்கணக்கான தமிழர்கள் தப்பி ஓடி வந்தார்கள். கால்நடையாக வந்து வழியிலேயே மாண்டவர்களும் உண்டு. இராமநாதனுக்கு அப்போது வயது 16. அக்கரைச் சீமை ஆளை வாழவும் வைக்கும், விழுங்கவும் செய்யும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

பத்திரிகை ஆசையில் சென்னைக்கு வந்தவர், குழந்தைகளுக்கான அணில் இதழில் எழுதிப் பழகினார். பிறகு குமுதம் நிறுவனத்தில் இருந்து வந்த கல்கண்டு வார இதழின் ஆசிரியர் ஆனார். கையடக்கமான அந்த இதழில் துணுக்குச் செய்திகள், கேள்வி-பதில், மர்மத் தொடர்கதை எல்லாம் இருக்கும். துணிவே துணை என்பது அவர் வாசகர்களுக்குத் தந்த மந்திரம்.

வெளிநாட்டில் ஒரு தமிழ்த் துப்பறிவாளர்

தமிழில் மர்மக்கதை அவருக்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஜே.ஆர்.ரங்கராஜுவின் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி அய்யங்காரின் திகம்பர சாமியாரும் வீட்டுப் பெண்கள்கூட அறிந்த துப்பறிவாளர்கள். தேவனின் சாம்பு அசட்டுத்தனத்திலேயே வெற்றி பெற்றவர். இவர்கள் காலத்தில் லண்டன் சரக்கு கும்பகோணத்துக்கு வந்து வேட்டி கட்டிக்கொண்டது என்று சொல்லலாம்.

தமிழ்வாணன் அதைத் தலைகீழாக மாற்றினார். அவருடைய சங்கர்லால் விமானம் ஏறி ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார். பெயர் என்னவோ வடநாட்டுப் பெயர்தான். ஆனால் பேச்சு சுத்தமான தமிழ். தேநீர் உள்ளே போனால்தான் அவருக்கு மூளை வேலை செய்யும். மாதுவும் கத்தரிக்காயும் கூடவே வருவார்கள். கத்தரிக்காய் என்று ஒருவருக்குப் பெயர் வைத்து அதையும் வாசகர்களை ஏற்றுக்கொள்ளச் செய்தது சாதாரண காரியம் அல்ல!

டோக்கியோ ரோஜா என்ற ஒரு தலைப்பைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் வானொலியில் பேசிய பெண்களுக்கு அமெரிக்க சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் அது. அழகு, ஆபத்து, தூர தேசம் மூன்றும் அதில் இருக்கின்றன. அதே டோக்கியோவில் இருந்து ஒசாகாவுக்கு 1964-ல் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ரெயில் ஓடத் தொடங்கியது. நம் ஏர்பேட்டில் பாசஞ்சருக்குக் காத்திருந்தவருக்கு அது வேறு உலகம்.

அன்றைக்கு நினைத்தவர் எல்லாம் வெளிநாடு போய்விட முடியாது. 1970-களின் தொடக்கத்தில் பாஸ்போர்ட் கிடைத்து டிக்கெட் வாங்கினாலும், சுற்றிப்பார்க்கப் போகிறவர் கையில் 8 டாலர்தான் கொண்டுபோகலாம். எம்.ஜி.ஆரின் உலகம் சுற்றும் வாலிபன் 1973-ல் வெளிவந்தபோது ஜப்பானையும் ஹாங்காங்கையும் திரையில் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. தியேட்டர் இல்லாத ஊரில் அந்த வேலையைச் சங்கர்லால் பார்த்தார். மூட்டை தூக்குகிறவரும் குமாஸ்தாவும் ஓட்டல் சிப்பந்தியும் ஒரே புத்தகத்தைக் கை மாற்றிப் படித்தார்கள். கடைசிப் பக்கம் கிழிந்துபோயிருந்தால் குற்றவாளி யார் என்று ஊரெல்லாம் விசாரிக்க வேண்டி இருந்தது.

பண்டிதர்கள் மதிக்கவில்லை

இலக்கியக்காரர்கள் அவரை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. கதைக்கு ஆழம் இல்லை என்றார்கள். அது முழுப்பொய்யும் அல்ல. ஆனால் பிறமொழிச் சொல் கலக்காத சின்னச் சின்ன வாக்கியங்களில் துப்பாக்கியும் விமானமும் வரும் கதையை அவர் சொன்னார். பண்டிதத் தமிழுக்குப் பயந்தவர்களும் அந்தத் தமிழைப் படித்தார்கள். வெளிமாநிலத்தில் பிள்ளை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, தமிழ் எழுத்தை வீட்டிலேயே பிடிக்க வைக்க இப்படி ஒரு கதைதான் உதவும். இது தெரிந்தவர்களுக்கு அவர் அருமை புரியும்.

வம்புக்கும் அவர் அஞ்சியதில்லை. ம.பொ.சி.யும் சினிமாவும் கட்டபொம்மனை மாவீரனாகக் கொண்டாடிய காலத்தில், அவரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிப் புத்தகமே எழுதினார். அதை ஏற்காதவர்கள்தான் அதிகம். இருந்தாலும் எழுதியதில் இருந்து அவர் பின்வாங்கவில்லை. கைரேகை, மருத்துவம், தன்னம்பிக்கை என்று அவர் கை வைக்காத துறை குறைவு. எல்லாவற்றிலும் இறங்கினால் எல்லாம் ஒரே தரத்தில் இருக்காது. அவர் புத்தகங்களும் அப்படித்தான்.

1977-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி தமிழ்வாணன் காலமானார். வயது 51 தான். கல்கண்டு ஆசிரியர் பொறுப்பு மகன் லேனா தமிழ்வாணனிடம் வந்தது. தந்தை தொடங்கிய மணிமேகலைப் பிரசுரத்தையும் பிள்ளைகள் நடத்தினார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து வாழும் தமிழர்கள் எழுதிய புத்தகங்களை அது தேடிப்பிடித்து அச்சிட்டது. சங்கர்லால் கதைகளும் புதுப் பதிப்பாகப் பலமுறை வெளிவந்துள்ளன.