‘மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்’: யார் இந்த லாட்டர்பாக்ட்?

போர்ச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் இந்த வார்த்தையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததில் ஒரு பேராசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெர்ஷ் லாட்டர்பாக்ட், 1897-ல் இன்றைய உக்ரைனின் லிவிவ் நகருக்குப் பக்கத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். லிவிவ், வியன்னா, லண்டன்னு படித்து, கேம்பிரிட்ஜில் சர்வதேசச் சட்டப் பேராசிரியரானார்.

வார்த்தை புதுசு இல்லை. 1915-லேயே ஒரு கண்டன அறிக்கையில் வந்ததுதான். ஆனா அதை வைத்து யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. 1945-ல் நாஜிக்களை விசாரிக்கும் நியூரம்பெர்க் நீதிமன்றத்துக்குச் சாசனம் தயாரானபோது, அமெரிக்கத் தரப்பின் ராபர்ட் ஜாக்சன் இவரிடம் யோசனை கேட்டார். இவர் சொன்ன தலைப்பு சாசனத்தில் ஏறியது. சொந்தக் குடிமக்களைக் கொன்றுவிட்டு, உள்நாட்டு விவகாரம்னு ஓர் அரசு தப்பிக்க முடியாது.

பிரிட்டிஷ் தரப்புக்கு வாதங்கள் எழுதித் தந்தவரும் இவரே. கூண்டில் இருந்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் ஃபிராங்க். லிவிவ் அவர் ஆளுகையில்தான் இருந்தது. அங்கேயே தங்கிவிட்ட பெற்றோர், உடன்பிறந்தோர் கதி என்னன்னு விசாரணை தொடங்கியபோது லாட்டர்பாக்டுக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது: சகோதரியின் மகள் ஒருத்தியைத் தவிர யாரும் மிஞ்சவில்லை.

1955-ல் ஹேக் சர்வதேச நீதிமன்ற நீதிபதியானார். பிறப்பால் பிரிட்டிஷ்காரர் இல்லையேன்னு லண்டனில் அப்பவும் முணுமுணுத்தார்கள். 1960-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.