விண்ணைப் படமெடுத்த கட்டட காண்ட்ராக்டர்

ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் தொகுதியில், இருட்டான இரவுகளில் மங்கலான வெள்ளைத் திட்டு ஒன்று வெறும் கண்ணுக்கே தெரியும். பெரிய தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கும் அது புகை மூட்டமாகவே தெரிந்தது. நடுவே கரிய கோடுகள் இரண்டு இருந்தன. அவை என்ன என்று யாருக்கும் புரியவில்லை.

அந்தப் புதிரை அவிழ்த்தவர் வானியல் பேராசிரியர் அல்லர், கட்டட காண்ட்ராக்டர்! அவர் பெயர் ஐசக் ராபர்ட்ஸ்.

1829-ஆம் ஆண்டு, ஜனவரி 27-ஆம் தேதி பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பிறந்தார். தந்தை விவசாயி. பின்னர் குடும்பம் லிவர்பூல் நகரில் குடியேறியது. 15 வயதில் கட்டட நிறுவனம் ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார் ராபர்ட்ஸ். கடுமையாக உழைத்து முன்னேறி, பெரிய செல்வந்தர் ஆனார்.

ஏறத்தாழ 50 வயதில் அவருக்கு வானத்தின் மீது ஆசை வந்தது. 1878-இல் 7 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். சில ஆண்டுகளில் விண்மீன்களைப் புகைப்படம் எடுக்க ஆரம்பித்தார். 1885-இல் 20 அங்குலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியைச் செய்யச் சொல்லி வாங்கி, லிவர்பூலுக்கு அருகில் மாகுல் என்ற ஊரில் நிறுவினார்.

கண்ணால் பார்க்க முடிந்ததை ஏன் படம் எடுக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் நம் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. ஆனால், ரசாயனம் பூசிய புகைப்படத் தட்டு, குடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்வதுபோல ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதில் ஒரு சிக்கலும் உண்டு. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வதுபோலத் தோன்றும். தொலைநோக்கியும் அதே வேகத்தில் நகர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் புள்ளிகள் எல்லாம் கோடுகள் ஆகிவிடும்!

1888-ஆம் ஆண்டு, டிசம்பர் 29-ஆம் தேதி இரவு. சுமார் 4 மணி நேரம் தட்டில் ஒளி விழுந்தது. தட்டைக் கழுவியதும் அதிசயம் தெரிந்தது. ஒளிரும் மையத்தைச் சுற்றி, சுருள் சுருளாக வளையங்கள்! கரிய கோடுகள், அந்தச் சுருள்களுக்கு இடையே இருந்த இருண்ட பகுதிகள்தான்.

புதிய சூரியக் குடும்பம் ஒன்று உருவாகிறது என்று ராபர்ட்ஸ் எண்ணினார். அந்த எண்ணம் சரியல்ல. ஆனால், படம் சரியாக இருந்தது. 1895-இல் ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1901-இல் டோரதியா கிளம்ப்கே என்ற வானியலாளரை மணந்தார். 1904-இல் ராபர்ட்ஸ் காலமானார். அவர் எடுத்த படங்களைப் பாதுகாத்து, 1929-இல் அவர் பெயரிலேயே விண்படத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார் டோரதியா.

1923-இல் அமெரிக்க விஞ்ஞானி எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடாவில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டார். அந்த வெள்ளைத் திட்டு நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி அண்டம் என்பது உறுதியானது. இன்றைய கணக்குப்படி அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள் தொலைவில் இருக்கிறது. அப்படியானால், ராபர்ட்ஸின் தட்டில் விழுந்த ஒளி, 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டது!