வாவியின் ஓசைக்கு ஐந்து பலகைகள்

சுவாமி விபுலாநந்தரின் நீரரமகளிர் இன்னிசைப் பாடலை ஐந்து பலகைகளில் ஓவியமாக வரைவது என்று போன வைகாசியில் தொடங்கினேன். ஒவ்வொன்றும் மூன்றடி உயர ஒட்டுப்பலகை. வரிசையாக நிறுத்தினால் ஐந்திலும் வாவி ஒரே நீராக ஓடவேண்டும். இராகங்களைப் படத்தொகுதிகளாகத் தீட்டிய இராசத்தான் ஓவியர்கள் முப்பத்தாறு படம் வரை போயிருக்கிறார்கள். எனக்கு ஐந்து போதும் என்று நினைத்தேன். ஆனால் பாட்டை வரைய உட்கார்ந்தால் பாடியவரின் வாழ்க்கைதான் முன்னுக்கு வருகிறது.

பாட்டின் பின்னணி மட்டக்களப்பாருக்குத் தெரிந்ததே. பறுவ நாள் இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் ஓர் ஓசை கேட்கும். பாடுமீன் என்கிறோம். மீனா, மட்டியா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமர்சன் ரெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி இதைக் கேட்டு எழுதிவைத்தார். அடிகளார் அதை நீரில் விளையாடும் மகளிரின் பாட்டாக்கித் தமது யாழ் நூலில் சேர்த்தார்.

முதல் பலகை காரைதீவு. 1892 மார்ச்சில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்தார். இட்ட பெயர் மயில்வாகனம். காரைதீவு கண்ணகை அம்மன் ஊர். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடித் திருக்குளிர்ச்சியோடு முடிப்பார்கள். மற்றவர்கள் ஏட்டில் படித்த கண்ணகி கதை எங்கள் பக்கத்தில் கோயிலில் பாட்டாக இருந்தது. பிற்காலத்தில் யாழைத் தேடி அவர் சிலப்பதிகாரத்துக்கே போனதற்கு அந்தச் சத்தம்தான் வேர் என்பது என் எண்ணம். ஆதாரம் கேட்டால் பலகையைத்தான் காட்ட முடியும்.

இரண்டாவது பலகை என்னைப் பாடாய்ப் படுத்தியது. மனிதர் ஓரிடத்தில் நிற்கவில்லை. கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் படிப்பு, கொழும்பில் விஞ்ஞானம், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், பிறகு இலண்டன் விஞ்ஞானப் பட்டம், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவி. 1922இல் எல்லாவற்றையும் விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போய் 1924இல் துறவியானார். துறவி திரும்பி வந்து செய்தது பள்ளிக்கூட வேலை. கடைசியில் ஆளை வரையாமல், 1929இல் கல்லடி உப்போடையில் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் வாசல் மணலையும் அதில் பதிந்த சின்னக் கால்தடங்களையும் மட்டும் வரைந்தேன்.

மூன்றாவதில் யாழ்கள். பழந்தமிழர் வாசித்த யாழ் ஒன்றுகூட அவர் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை சொற்கள் மட்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் எடுத்துவைத்து, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கைப் போட்டுப் போட்டு, செங்கோட்டி யாழின் 7 நரம்பு முதல் பேரியாழின் 21 நரம்பு வரை மீட்டெடுத்தார். தமிழ்ப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியும் ஒரே உடம்பில் இருந்ததால் நடந்த காரியம் இது. இதற்கிடையே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். இமயமலையில் மாயாவதியில் இருந்து ஆங்கில ஏடு ஒன்றையும் நடத்தினார். இல்லாமற்போன ஒன்றைச் சொல்லை மட்டும் வைத்துத் திரும்பக் கட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று, வீடு இருந்த இடத்தில் அத்திவாரத்தைத் தேடிய எங்கள் சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான்காவது பலகையில் வாவி தமிழகத்துக்குப் போகிறது. 1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. வெள்ளத்தில் ஓடக்காரன் இல்லாத ஓடத்தைச் சம்பந்தர் பாடியே கரைசேர்த்தார் என்று சொல்லப்படும் தலம் அது. பாட்டால் நகர்ந்த அந்த ஓடத்தை எங்கள் தோணியாக வரைந்துவிட்டேன். உள்ளே நோயில் தளர்ந்த அடிகளார். அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரத்தில், ஜூலை 19ஆம் திகதி, கொழும்பில் கண்மூடினார். சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்தார்கள். நாட்டின் சுதந்திரத்தைக்கூட அவர் காணவில்லை.

ஐந்தாவது பலகை ஆறு மாதம் வெறுமையாகக் கிடந்தது. அவர் கேட்ட வாவிக்குப் பிறகு நாங்கள் கண்ட வாவி ஒன்று இருக்கிறது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் அது எல்லையானது. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் நடந்த படுகொலை அதன் கரையில்தான். இரவில் தோணி இறக்கப் பயந்த ஆண்டுகளில் பாலத்தடியில் காது வைக்க ஆரிருந்தார்? ஆனால் 1947இல் போனவரின் பாட்டுக்குள் இதையெல்லாம் கொண்டுவந்து இறக்கலாமா என்று தயங்கினேன். குருதி வரைந்தேன், சுரண்டினேன். வெளிச்சக்கற்றை வரைந்தேன், அதையும் சுரண்டினேன்.

இப்போது அதில் இருப்பவை கறுத்த நீர், ஒரு தோணி, ஒரு துடுப்பு, அதில் சாய்ந்த ஒரு காது. கேட்பவரின் முகம் இல்லை.

பார்க்க வந்த வயதான மீனவர் ஒருவர், துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய், அகன்ற பக்கம்தான் நீருக்குள் போகவேண்டும் என்றார். தானும் பதினைந்து வருடம் அப்படிக் காது வைத்துப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் பலகைக்கு முன்னால் நின்றார். அவர் போனபின் துடுப்பைச் சுரண்டித் திருப்பி வரையத் தொடங்கினேன்.