மேசையில் துளை போட்ட மேடம் க்ளிக்கோ

சின்னமனூர் தாண்டி கம்பம் பக்கம் போனா, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்தான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம பன்னீர் திராட்சை அங்கேதான் காய்க்குது. இதே மாதிரி திராட்சையை நம்பி வாழ்ந்த பிரான்ஸ் குடும்பம் ஒன்றில், 27 வயதில் கணவனை இழந்த ஒரு பெண் அந்தத் தொழிலையே மாற்றிக் காட்டினார். அவர் எஞ்சினியரிங் படிக்கலை. ஆனா அவர் தீர்த்தது பக்கா எஞ்சினியரிங் பிரச்சினை.

பெயர் பார்ப் நிக்கோல். 1777-ல் ஷாம்பெயின் பகுதியில் உள்ள ரீம்ஸ் நகரில் பிறந்தார். அப்பா பெரிய துணி ஆலை முதலாளி. 1798-ல் பிரான்சுவா க்ளிக்கோவை மணந்தார். மாமனார் துணி வியாபாரத்தோடு 1772-ல் ஒயின் வியாபாரமும் தொடங்கியிருந்தார். 1805-ல் காய்ச்சலில் கணவர் இறந்துபோக, கையில் ஆறு வயது மகள்.

அன்றைய பிரெஞ்சு சட்டப்படி, கணவன் சம்மதம் இல்லாம மனைவி தொழில் செய்ய முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. நிறுவனத்தை மூடிவிட நினைத்த மாமனாரிடம் பேசி, அவரையே முதல் போட வைத்தார். 1810-ல் நிறுவனம் இவர் பெயருக்கே வந்தது. பாட்டில் மேல 'வெவ் க்ளிக்கோ' என்று இருக்கும். 'வெவ்' என்றால் கைம்பெண். ஊர் எதைக் குறையாகப் பார்த்ததோ, அதையே பிராண்ட் ஆக்கிட்டார்!

ஆனா நெப்போலியன் போர்களால் துறைமுகங்கள் அடைபட்டு, வியாபாரம் படுத்துவிட்டது. 1814-ல் போர் முடியப்போகுதுன்னு தெரிந்ததும், போட்டியாளர்களுக்குத் தெரியாமல் 10,000-க்கு மேற்பட்ட பாட்டில்களைக் கப்பலேற்றினார். சரக்கு பிடிபட்டாலோ, வழியில் கெட்டுப்போனாலோ நிறுவனமே காலி. ரஷ்யச் சந்தைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது இவர் சரக்குதான். அமோக விற்பனை.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வேலை முடிந்த ஈஸ்ட் செத்து, அடியில் மண்டியாகத் தங்கும். அதை நீக்க வேறு பாட்டிலுக்கு மாற்றினா கேஸும் போகும், ஒயினும் வீணாகும்.

1816 வாக்கில் மேடம் க்ளிக்கோ ஒரு மேசையில் துளைகள் போடச் சொல்லி, பாட்டில்களைத் தலைகீழாகச் செருகினார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், சில வாரங்களில் மண்டி முழுக்க வழுக்கிக்கொண்டு கார்க்குக்கு வந்துவிடும். கார்க்கைத் திறந்தா உள்ளிருக்கும் அழுத்தமே அதைத் துப்பிவிடும். குறைந்த அளவுக்குச் சர்க்கரை கலந்த ஒயினை ஊற்றி மறுபடி அடைத்தா, பளிங்கு மாதிரி தெளிவு. துளைகளைச் சாய்வாக அமைத்து இந்த முறையை மெருகேற்றிய பாதாள அறை மேற்பார்வையாளர் அந்துவான் முல்லருக்கும் இதில் சம பங்கு உண்டு.

ஒயின் பாணியிலும் தனி வழிதான். அப்போது இளஞ்சிவப்பு ஷாம்பெயினுக்கு எல்டர்பெரி பழச் சாயம் சேர்ப்பார்கள். 1818-ல் இவர் பூஸி ஊர்த் தோட்டத்துச் சிவப்பு ஒயினையே வெள்ளை ஒயினில் கலந்து நிறம் கொண்டுவந்தார். ரஷ்யர்களுக்குப் பிடித்த மாதிரி இனிப்பையும் தாராளமாகச் சேர்த்தார்.

எல்லாமே ஜெயிக்கலை. 1820-களில் வங்கித் தொழிலில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். அப்போது நிறுவனத்தைக் காப்பாற்றியவர் எடுவார் வெர்லே என்ற ஊழியர். பின்னாளில் பொறுப்பை மகளிடமோ மருமகனிடமோ கொடுக்காமல், தொழில் தெரிந்த வெர்லேயிடமே ஒப்படைத்தார். 1866-ல், 88 வயதில் பூர்சோ மாளிகையில் காலமானார்.

இன்று அந்த நிறுவனம் குடும்பத்தின் கையில் இல்லை, ஒரு பெரிய குழுமத்தில் அடக்கம். பாட்டில் திருப்புற வேலையையும் பெரும்பாலும் கைரோபேலட் என்ற இயந்திரக் கூண்டு செய்கிறது. ஒரு நேரத்தில் சுமார் 500 பாட்டில், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனா மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பார்த்தா, உள்ளே இருப்பது அதே 1816 யோசனைதான். பாட்டிலைச் சாய்த்துத் திருப்பு, மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.