சேர் பொன். இராமநாதனின் இரு இலண்டன் பயணங்கள்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை அறியாதார் எம்மிடையே இலர். மருதனார்மடத்தில் 1913இல் அவர் நிறுவிய மகளிர் கல்லூரியில் எம் அன்னையர் பலர் கற்றனர். கொழும்பு கொச்சிக்கடையில் தந்தையார் கட்டிய சிவன் கோயிலைக் கருங்கற் கோயிலாக்கியவரும் அவரே. ஆயினும் நாம் வாழும் இம்மாநகருக்கு அவர் வந்த இரு பயணங்களை எம் பிள்ளைகள் அதிகம் அறியார்.

1851இல் பிறந்த அவர், சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கி, 1879இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். 1892 முதல் பல்லாண்டுகள் சொலிசிட்டர் ஜெனரலாகக் கடமையாற்றினார். அரசாங்கம் வழக்கை எவ்வாறு அமைக்கும், எங்கே தவறும் என்பதை அவர் உள்ளிருந்தே கற்றார்.

அந்த அனுபவம் 1915இல் பயன்பட்டது. முஸ்லிம் மக்கள் பெருந்துன்பமுற்ற கலவரத்தை அடக்க இராணுவச் சட்டம் வந்தது. ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். டி. எஸ். சேனநாயக்க முதலிய சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டனர். சபையில் ஆதாரங்களை அடுக்கி அரசை எதிர்த்த இராமநாதன், அறுபத்து நான்கு வயதில், உலகப்போர் நடந்த கடல் வழியே இலண்டன் வந்து நியாயம் கேட்டார். தம் உரைகளை 1916இல் இங்கேயே நூலாக்கினார். நாடு திரும்பியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவர் வண்டியை இழுத்த செய்தியை எம் பெரியோர் இன்றும் சொல்வர். அதேவேளை, தம் இழப்புகளுக்காக அவர் போதிய அளவு பேசவில்லை என்ற மனக்குறை முஸ்லிம் மக்களுக்கு உண்டு.

இரண்டாம் பயணம் 1930இல். டொனமூர் ஆணைக்குழு, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களுக்கும் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கச் சிபாரிசு செய்திருந்தது. அதை எதிர்த்து எழுபத்தொன்பது வயதில் இராமநாதன் இலண்டன் வந்தார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார். 1931இல் சர்வசன வாக்குரிமையின்படி இலங்கையில் தேர்தல் நடந்தது.

சிறுபான்மையோர் நிலை தாழும் என்ற அவரது அச்சம் வீணன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் எமக்குக் காட்டின. ஆனால் ஏழைகளுக்கும் பெண்களுக்கும் வாக்கு வேண்டாம் என்றதை நாம் ஏற்க இயலாது. பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரே அவர்களின் வாக்கை மறுத்தார் என்பது சிந்திக்க வேண்டியது.

ஒரே மனிதர், ஒரே அறிவு, ஒரே துணிவு. முதற்பயணத்தில் நீண்டகால அனுபவம் அநீதியைக் கண்டுகொள்ளும் கண்ணாயிற்று. இரண்டாவதில் அதே அனுபவம், காலம் மாறியதைக் காணவிடாமல் திரையாயிற்று.

முப்பது, நாற்பது ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த நாமும் வீட்டிலும் கோயிற் கூட்டத்திலும் எமக்குத் தெரியும் என்று சொல்லிவிடுகிறோம். எம் அனுபவத்தை இளையோருக்குக் கொடுப்போம். அவர்கள் சொல்வதையும் இருந்து கேட்போம். பெரியவர் ஒருவரின் வெற்றியைப் போற்றும் நாம், அவர் தோல்வியிலும் பாடம் கற்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.